மஞ்சள் நிலையில் ஒருவருக்கு மட்டும் அனுமதி

நான் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். தொற்றுக் காலத்தில் கடைக்கு வந்தவர்கள் பவர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், "இந்த வாரம் என்ன கலர்?" என்றுதான் கேட்டார்கள். வியாழக்கிழமை மாலைதோறும் சுகாதாரத் துறை நிறத்தை அறிவிக்கும். பச்சை என்றால் ஆபத்து குறைவு. மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் இன்னும் கவனமாக இரு. சிவப்பு என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டோடு கிட. அந்த நிறத்தில் ஓர் அட்டையைக் கடைக் கதவில் ஒட்டுவது என் பொறுப்பு. ஆரஞ்சில் உள்ளே ஒரே ஒருவர், மஞ்சளில் நான்கு பேர். ஐந்தாவதாக வந்த ஒரு புண்ணியவான் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் வெளிர் மஞ்சளா இருக்கேம்மா, ஒரு ஆள் கூடுதலா விடலாமே" என்றார். கண் பரிசோதனைக்கு வந்தவர் என்பதால் மன்னித்து விட்டேன்.

இப்படித்தான் எல்லோரும் இருந்தோம். நிறம் சொன்னது ஒன்று, நாங்கள் காதில் வாங்கியது இன்னொன்று. அதில் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

என் மாமனார் அப்போது ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். கொண்டுபோய்த் தள்ளிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொற்று வருவதற்கு முன்பே அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு ஆள் வேண்டும். எங்கள் வீட்டிலோ பகலில் ஈ காக்காய் இருக்காது. நல்லவேளையாகப் பேச்சு தப்பியது. கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். ஆளும் வாய் ஓயாதவர். டாக்டர்தான் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தா முதல்ல போறது பேச்சாத்தான் இருக்கும். அவர்கிட்ட பேச வேண்டியதை, கேக்க வேண்டியதை எல்லாம் இப்பவே வெச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தார். இது மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாமல் நடந்தது என்று எதையுமே சொல்ல முடியாது.

மாமா வேலையில் இருந்த காலத்தில் கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர். ஊரில் அவருக்குத் தராசு என்றே பெயர். வீட்டிலும் அப்படித்தான். கேக் வாங்கினால் ஒரு பிள்ளை வெட்டும், மற்ற இரண்டும் முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் வெட்டுகிற பிள்ளை அளந்து அளந்துதான் வெட்டுமாம். உறவுக்காரர் ஒருவர் மூத்தவனுக்கென்று ஆசையாக ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தபோது, மூன்றாகப் பிரிக்க முடியாத பொருள் இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். என் வீட்டுக்காரர்தான் அந்த மூத்தவர். இதை இன்றும் பெருமையாகத்தான் சொல்வார்.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அடுத்தது நாத்தனார், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். கடைசி கொழுந்தன், பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். மூன்று பேருக்கும் அப்பா என்றால் உயிர். அதுதான் வினையாகப் போயிற்று.

இல்லத்திலும் எல்லாம் நிறத்தின்படிதான். சிவப்பில் யாருக்கும் அனுமதி இல்லை. ஆரஞ்சில் வெளியே தோட்டத்தில் நின்று ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மஞ்சளில் ஒரு நோயாளிக்கு ஒரே ஒருவர், டெஸ்ட் எடுத்துக்கொண்டு அறைக்குள்ளேயே வந்து உட்காரலாம். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முதலிலேயே பெயர் சொல்லிவிட வேண்டும்; நிறம் மாறும்வரை ஆளை மாற்ற முடியாது. இன்றைக்கு அண்ணன், நாளைக்குத் தங்கை என்று முறை வைத்தால் மூன்று வீட்டுக் கிருமியும் உள்ளே வந்துவிடும் என்பதால் அந்த விதி. பச்சை வந்துவிட்டால் எல்லோரும் போகலாம்.

சிவப்பு பல மாதம் நீடித்தது. பிறகு ஒருவழியாக ஆரஞ்சு வந்தது. நாங்கள் நால்வரும் ஓடிப்போய் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். சிஸ்டர் மாமாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தார். நாலு முகக்கவசத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆள் தெரிந்ததும் மாமா சிரித்தார். இடது கையை ஆட்டி, உள்ளே வாங்க என்றார். வரக் கூடாது என்று என் வீட்டுக்காரர் இங்கிருந்து கையைக் காட்டினார். எங்களுக்கு வழி தெரியவில்லை என்று மாமா நினைத்துக்கொண்டார் போல. கதவு அந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சுட்டிக் காட்டினார். கதவு தெரிந்தும் நாங்கள் நகரவில்லை என்பது புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் கொழுந்தன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். இனி ஜன்னல் வேண்டாம், அப்பா தாங்க மாட்டார் என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

அடுத்து வந்தது மஞ்சள். வெள்ளிக்கிழமை காலையிலேயே இல்லத்திலிருந்து சிஸ்டர் போன் செய்து, "யார் பேரைப் போடட்டும்?" என்று கேட்டார்.

அன்று மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. எட்ட எட்ட நாற்காலி, எல்லார் முகத்திலும் கவசம், நடுவில் காய்ந்துகொண்டிருந்த என் துணிமணி.

"நான்தான் மூத்தவன். நான் போயிட்டு வந்து உங்களுக்கு எல்லாம் சொல்றேன்" என்று இவர் ஆரம்பித்தார்.

"அண்ணா, நீ தினமும் எத்தனை லிப்ட்டுக்குள்ள நுழைஞ்சு வர்றே? அந்தப் பெட்டிக்குள்ள காத்தே கிடையாது. நீ போனா அப்பாவுக்குத்தான் ரிஸ்க்" என்றாள் நாத்தனார்.

"உன் கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு வருது. அது ரிஸ்க் இல்லையா?"

"ரெண்டு பேரும் விடுங்க" என்றான் கொழுந்தன். "அடுப்புக்கு முன்னாடி நான் ஒருத்தன்தான். நானும் மாவும். யார் மூஞ்சியையும் பாக்கறதில்லை. நியாயமாப் பாத்தா நான்தான் போகணும்."

அவன் சொன்னது சரி. சுகாதாரத் துறையே வந்து உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அவன் பெயரைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் நாத்தனார் விடவில்லை. "நியாயமா? அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ எத்தனை தடவை எட்டிப் பாத்தே? இப்ப மட்டும் முதல் ஆளா உள்ள போய் உக்காரணுமா?"

இதற்கும் தொற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. ரிஸ்க் என்ற ஒரு வார்த்தை கையில் கிடைத்தது, மூன்று பேரும் அதை வைத்துப் பழைய கணக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டார்கள். அம்மா போன சமயத்தில் யார் எங்கே இருந்தார்கள், அப்பா யார் வீட்டில் அதிகம் தங்கினார், யாரைக் கேட்டு அவரை இல்லத்தில் சேர்த்தது, எல்லாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சீட்டுக் குலுக்கிப் போடுங்களேன். பேர் வந்தவங்க போகட்டும்" என்றேன்.

"அப்பா என்ன குலுக்கல் பரிசா அண்ணி?" என்று நாத்தனார் சீறினாள்.

"அப்ப நான் போறேன். நான்தான் உங்க மூணு பேர்ல சேர்த்தி இல்லையே. போனைப் போட்டு உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அவரைப் பேச வைக்கிறேன்."

இவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். "நீ போனா நான் போன மாதிரிதான். அவங்க ரெண்டு பேரும் என்ன நினைப்பாங்க?"

நினைக்கத்தான் போகிறோம் என்பது கவசத்துக்கு மேலே அவர்கள் இருவர் கண்ணிலும் தெரிந்தது.

கடைசியில் நாத்தனார்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். "யாரும் தனியாப் போக வேண்டாம். கேஸ் குறைஞ்சுக்கிட்டேதான் வருது. பச்சை வந்ததும் மூணு பேரும் ஒண்ணாப் போய் நிப்போம். அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும்."

மூன்று பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. யாருக்கும் கூடவில்லை, யாருக்கும் குறையவில்லை. கொழுந்தன் எழுந்து அக்காவின் நாற்காலிப் பக்கம் போய், கவசத்தோடேயே சிரித்தான். தகப்பன் பெயரைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவர்கள் முகத்தில். அந்தத் தகப்பனோ அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார்.

இவர் சிஸ்டருக்குப் போன் செய்தார். "எங்க வீட்ல இருந்து இப்போதைக்கு யாரும் வரலை சிஸ்டர்."

"யாருமேவா?" என்றார் சிஸ்டர். "நான் அவர்கிட்ட ஒருத்தர் வரலாம்னு சொல்லிட்டேனே."

"பச்சை வரட்டும். எல்லாருமா வர்றோம்."

"பச்சை வரலைன்னா?"

"வரும் சிஸ்டர். டிவியில பாக்கலையா? இறங்கிக்கிட்டே இருக்கு."

மஞ்சள் வாரக்கணக்கில் நின்றது. அறையில் மாமாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெரியவர் இருந்தார். அவருக்குத் தினமும் யாரோ வந்துபோவதாக சிஸ்டர் சொன்னார். போனில் மாமா, "யாராவது வர்றீங்களா?" என்று கேட்பார். "மூணு பேருமே சேர்ந்து வர்றோம்பா, கொஞ்சம் பொறுங்க" என்று இவர் சொல்வார். "சரி, சரி" என்பார் மாமா. அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டார். வாய் ஓயாத மனுஷன் அப்படிச் சரி சொன்னது எனக்கு ஒப்பவே இல்லை. இரண்டு தடவை இவரிடம் சண்டை போட்டேன். "இன்னும் ஒரு வாரம்தானே" என்றார்.

ஊரும் அந்த ஒரு வாரத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் என்றால் ஜாக்கிரதை என்று அர்த்தம். எல்லோரும் அதைப் பச்சைக்கு முந்தைய நாள் என்று எடுத்துக்கொண்டார்கள். கடையில் கவசம் தாடைக்கு இறங்கியது. "கவசத்தை மேல ஏத்துங்க" என்றால், "எப்படியும் வியாழக்கிழமை பச்சைதானே" என்பார்கள். நாலு பேர் என்று அட்டை சொல்ல, உள்ளே எட்டுப் பேர் நிற்பார்கள். நான் கத்திய கத்தலில் முதலாளியே என்னை உள்ளறைக்குப் போகச் சொன்னார். எங்கள் வீட்டிலும் பச்சைக்கு ஏற்பாடு நடந்தது. கொழுந்தன் அப்பாவுக்குப் பிடித்த இனிப்பு ரொட்டிக்கு நாள் குறித்தான். நாத்தனார் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாள், வலது கையை எளிதாக நுழைக்கிற மாதிரி தோளில் பொத்தான் வைத்து.

அந்த வியாழக்கிழமை வந்தது ஆரஞ்சு. ஜன்னலுக்காவது போவோம் என்றேன். அப்பா தாங்க மாட்டார் என்றார்கள். தாங்க முடியாதது யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன்; இவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் சிவப்பு.

சிவப்பில் ஒரு நாள் காலை, கடை மூடிக் கிடந்ததால் நான் வீட்டில் சும்மா இருந்தபோது சிஸ்டரின் போன் வந்தது. மாமாவுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, கண் திறந்திருக்கிறார், ஆனால் பேச்சு இல்லை. டாக்டர் சொன்னபடியே நடந்திருந்தது. சிஸ்டர் போனை மாமா காதில் வைத்தார். இவர் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. இப்போது மட்டுமாவது ஒருவரை விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். உயிர் போகிற நிலையில்தான் விடுவோம், அவர் அந்த நிலையில் இல்லை என்றார்கள். நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்கள். இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே நின்றார்.

பச்சை வரத்தான் செய்தது. நிதானமாக, எல்லாம் முடிந்த பிறகு வந்தது. நாங்கள் நால்வரும் போனோம். இனிப்பு ரொட்டி இருந்தது. மாமாவால் விழுங்க முடியவில்லை. சட்டை இருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. ஆளைத் தெரிந்துகொண்டார், அது நிச்சயம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பிறகு முயற்சி செய்யவில்லை.

பக்கத்துக் கட்டில் பெரியவரின் மகள் அங்கே இருந்தாள். பஸ் கண்டக்டராம். நாளெல்லாம் கூட்டத்தில் இடிபட்டு டிக்கெட் கொடுக்கிறவள். ரிஸ்க் என்று பார்த்தால் எங்கள் வீட்டு மூன்று பேரையும் சேர்த்தாலும் அவளுக்கு ஈடாகாது. மஞ்சளில் அவள்தான் தினமும், காலையில் டூட்டிக்கு முன்னாலும் மாலையில் டூட்டி முடிந்தும் வந்திருக்கிறாள். டெஸ்ட் எடுத்து, இரண்டு கவசம் போட்டு, ஜன்னலை அகலத் திறந்து வைத்து, எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் சொன்னது அவ்வளவுதான். கவனமாக வா என்று சொன்னது. வராதே என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

"எங்க அப்பாவுக்குக் காது கேக்காது. அதனால உங்க அப்பா பேசினதெல்லாம் எனக்குத்தான்" என்று சிரித்தாள். "என்னமா பேசுவார்!"

அவ்வளவுதான், மூன்று பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கட்டிலில் அப்பா கிடக்க, அவர் பேசியதை ஒரு வேற்றுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

"என்னைப் பத்தி எதாவது சொன்னாரா?" என்று முதலில் கேட்டது நாத்தனார்தான்.

"சொல்லாம? ஆபீஸ்ல பெரிய தராசுத் தட்டுல உங்களை உக்கார வெச்சு மாசாமாசம் எடை போடுவாராமே. ஒரு தடவை எடை கூடணும்னு பாக்கெட் நிறையக் கூழாங்கல்லை ரொப்பிக்கிட்டு வந்தீங்களாம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி முத்திரை குத்துனாராம்."

நாத்தனார் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். கொழுந்தன் அவளையே பார்த்தான்.

"நீங்கதானே ரொட்டி போடறவர்? முதல்ல போட்டதைக் கருக்கிட்டீங்களாம். வேலை போயிடும்னு பயந்து வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தீங்களாம். முழுசையும் அவரே தின்னு தீர்த்துட்டு, ரெண்டு நாள் வயித்து வலி. இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னதில்லையாம்."

கொழுந்தன் கட்டிலருகே போய் அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

இவர் நின்றுகொண்டே இருந்தார். "என்னைப் பத்தி?" என்றார். ஐம்பதை நெருங்குகிற ஆளின் குரல் மாதிரியே இல்லை.

அவள் பார்வை தரைக்குப் போய் வந்தது. "நீங்க ரொம்ப தைரியசாலின்னு சொன்னார். எவ்வளவு உசரத்துலயும் பயமில்லாம வேலை செய்வீங்கன்னு."

"அப்படியா சொன்னார்?" என்று இவர் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருக்கு உயரம் என்றால் நடுக்கம். கீழே பார்க்காமலே வேலையைக் கற்றுக்கொண்டவர். லிப்ட் மெக்கானிக்குக்கு உயரம் ஆகாது என்று மாமா வாய்க்கு வாய் கேலி செய்வார். அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்திருக்காது. தண்ணீர் பிடிக்க அவள் வெளியே போனபோது பின்னாலேயே போனேன்.

"கடைசியாச் சொன்னது நிஜமா?" என்றேன்.

அவள் குழாயைத் திறக்காமல் நின்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கா?"

"எதுவுமே சொல்லலையா அவரைப் பத்தி?"

"அவரைப் பத்தித்தான் அதிகமாச் சொன்னார். காலையில குளிப்பாட்டி நாற்காலியில உக்கார வெச்சதும், 'ஒருத்தர்தான் வரலாம்னா அது என் பெரியவன்தான், இன்னைக்கு வந்துடுவான்'ம்பார். கதவைப் பாத்த மாதிரி நாற்காலியைத் திருப்பச் சொல்வார். சாயங்காலம் கட்டிலுக்கு மாத்தறப்ப, 'பாவம், வேலை அதிகமா இருக்கும்'பார். தினமும் இதேதான். நான் எப்படிக்கா இதை அவர்கிட்ட சொல்றது?"

கேக்கையும் சைக்கிளையும் மூன்றாகப் பார்த்த மனுஷன் இந்த ஒரு விஷயத்தில் யோசிக்கவே இல்லை. ஒருவர் என்று கேட்டதும் ஒருவரைச் சொல்லிவிட்டார். அவர் பிள்ளைகளுக்குத்தான் அது முடியவில்லை.

திரும்பும்போது நாத்தனாரும் கொழுந்தனும் அவரவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் நடந்தோம். கடைகள் திறந்திருந்தன, பச்சை அட்டை எல்லாக் கதவிலும் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இவர் சொன்னார்:

"பாத்தியா, என்னைப் போய் தைரியசாலின்னு சொல்லியிருக்கார்."

"ஆமாங்க."

"அந்த மஞ்சள்ல யாராவது ஒருத்தர் போயிருக்கலாம். நாமதான் தப்புப் பண்ணிட்டோம்." கொஞ்சம் நின்றார். "அப்பா யாரை எதிர்பாத்திருப்பார்னு நினைக்கிறே?"

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். கவசம் இல்லாமல் அந்த முகத்தைத் தெருவில் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"மூணு பேரையும்தாங்க" என்றேன்.